நெட் புட்டுக்கிச்சா பாஸ்?

இன்ஜினியரிங் படிக்கிறோம்னு தெருவுக்குத் தெரிஞ்சா போதும்... மிக்ஸியில ஆரம்பிச்சு மோடம் வரைக்கும் எல்லா ரிப்பேரும் நம்ம தலையிலதான் விழும். எங்க ஊர் வள்ளூர். எண்ணூர் துறைமுகத்துல இறங்குற நிலக்கரி கன்வேயர்ல வந்து சேருதே, அந்த அனல்மின் நிலையம் இருக்கிற ஊர். 1,500 மெகாவாட் கரன்ட் எடுக்கக்கூடிய ஊர்ல, அன்னிக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில நெட் இல்லை!

ராத்திரி ஒன்பதரை மணி. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள். 11.59-க்கு மூடிடுவாங்க. கைக்குழந்தையோட ஒரு அக்கா சர்ட்டிஃபிகேட் ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

''நாலு வாட்டி ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் தம்பி. ரெண்டு நிமிஷம் வருது, மறுபடியும் புட்டுக்குது''ன்னார் கடைக்கார அண்ணன். கஸ்டமர் கேர்ல ''எங்க சைடு ஓகே சார்''னு சொல்லிட்டாங்களாம்.

நாம பெரும்பாலும் இங்கேயே கையைத் தூக்கிடுவோம். ஆனா முதல்ல தெரிய வேண்டியது, கோளாறு கடைக்கு உள்ளேயா, வெளியேயா? கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'ஐபிகான்ஃபிக்'னு ஒரே வார்த்தையா அடிச்சேன். 169.254-ல ஆரம்பிக்கிற முகவரி வந்துச்சு. ரவுட்டர்கிட்ட முகவரி கேட்டு, பதில் வராம, கம்ப்யூட்டர் தனக்குத்தானே வச்சுக்கிற நம்பர் அது. ஆக, கோளாறு உள்ளேதான். கஸ்டமர் கேர் மேல பழி போட முடியாது!

அப்புறம்தான் எட்டு போர்ட் சுவிட்சைப் பார்த்தேன். எல்லா லைட்டும் ஒரே நேரத்துல, சீரியல் பல்பு மாதிரி வெறித்தனமா அடிச்சுக்கிட்டிருந்தது. கேபிள்களை ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே போனா... ஒரே கேபிளோட ரெண்டு முனையும் அதே சுவிட்ச்லயே சொருகியிருக்கு! சாயங்காலம் பெருக்குன பையன், தொங்கிட்டிருந்த முனையைப் பார்த்து 'கழண்டுடுச்சு போல'ன்னு காலி ஓட்டையில மாட்டியிருக்கான். பாவம், நல்ல எண்ணம்தான்.

இதுக்குப் பேர் லூப். 'எல்லாருக்கும்'னு அனுப்புற தகவல், சாதாரண சுவிட்ச்ல இப்படிச் சுத்த ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. பெருகிப் பெருகி ரவுட்டரையும் மூச்சு முட்ட வச்சிடும். ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் வந்து திரும்பச் செத்ததும் இதனாலதான். கேபிளைப் புடுங்குனேன், நெட் வந்துடுச்சு. 10.40-க்கு அந்த அக்கா கையில ரசீது.

உங்களுக்கு 192.168-னு ஒழுங்கான முகவரியே வந்தும் நெட் இல்லையா? அதே திரையில 'டீஃபால்ட் கேட்வே'ன்னு இருக்கிறது ரவுட்டரோட நம்பர். அதுக்கு 'பிங்' அடிங்க. (1983-ல மைக் மூஸ் எழுதின புரோகிராம். கப்பல் சோனார் சத்தம்தான் பேருக்குக் காரணம்.) பதில் வந்தா உள்ளே சுத்தம். அடுத்து 8.8.8.8. அதுக்கும் பதில் வந்து வெப்சைட் மட்டும் திறக்கலைன்னா, பெயரை நம்பரா மாத்துற டி.என்.எஸ்.ல சிக்கல், அதை மாத்திப் பாருங்க. ஃபைபர் பெட்டியில 'லாஸ்' லைட் சிவப்பா எரிஞ்சா மட்டும் நோண்டாதீங்க, போனைப் போடுங்க. 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் அடிச்சப்போ கடலடி கேபிளே அடி வாங்கி நெட் நத்தையாச்சு. அதுக்கெல்லாம் நம்ம ஸ்க்ரூ டிரைவர் பத்தாது.

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பசங்களுக்கு மட்டும் ஒண்ணு. உப்புக்காத்துல கனெக்டர் பின்கள் பச்சை பூத்துடும். கேபிளை ஆட்டினா நெட் வந்து வந்து போகும். முனையை வெட்டிட்டு புதுசா கிரிம்ப் பண்ணணும். ஜெராக்ஸ் கடையிலயும் ரெண்டு கேபிள் அப்படித்தான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் வரச் சொல்லியிருக்கார்.