மொட்டை மாடிக்கு 88,000 ரூபாய் செலவு பண்ணலாமா?

ராத்திரி 10 மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, உங்க வீட்டு சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. இன்னும் சுடுதா? அப்படின்னா இந்தக் கணக்கு உங்களுக்குத்தான். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச கான்கிரீட், ராத்திரியில அதை உங்க மேல இறக்குது. அபார்ட்மென்ட்ல நடு மாடியில இருக்கறவங்க இதைப் படிக்காமலே போகலாம். மேற்குப் பக்கச் சுவர்தான் அதிகம் சுடுதுன்னா, மாடியில காசைக் கொட்டிப் பெரிசா பிரயோஜனம் இல்லை.

எங்க வீடு வேலூர்ல. ஹாலுக்கு நேர் மேலே மொட்டை மாடி, சுமார் 800 சதுர அடி. ரெண்டு கொட்டேஷன் வாங்கினேன். வெயிலைத் திருப்பி அனுப்பற வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், கூலியோட 22,000. கூலிங் டைல்ஸ் 88,000.

முதல்ல ஒரு கோடையில வெறும் சுண்ணாம்பு அடிச்சுப் பார்த்தோம். கூலி சேர்த்து 2,500 ஆச்சு. ஏப்ரல், மே பில் 760 யூனிட்ல இருந்து 660 ஆச்சு. இங்கே ஒரு விஷயம் கவனிங்க. மிச்சமாகிற யூனிட்டுக்கு சராசரி விலை போடக் கூடாது. 2024 ஜூலை கட்டண மாற்றத்துக்கு அப்புறம், 600 தாண்டின யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல போகுது. அதனால 100 யூனிட் குறைஞ்சதுக்கே 900 ரூபாய்க்கு மேல மிச்சம். நீங்க 520 யூனிட்ல இருந்து 500-க்குள்ள வந்தா லாபம் இன்னும் அதிகம். 500 தாண்டினவங்களுக்குக் கிடைக்காத மானியமும் சேர்ந்து வரும்.

ஆனா வருஷம் முழுக்கக் கூட்டினா, எங்களுக்கு மிச்சம் 2,000 ரூபாய்தான். 88,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு எஃப்டியில போட்டாலே வருஷம் 6,160 வரும். டைல்ஸ் அந்த இடத்துலயே அவுட். 22,000 ரூபாய் பெயின்ட்டும் அஞ்சாறு வருஷத்துல மறுபடி அடிக்க வேண்டியது, அதுவும் தேறலை. சுண்ணாம்பு கையைக் கடிக்காது, அவ்வளவுதான். மழையில கரைஞ்சு போயிடும், வருஷா வருஷம் அடிக்கணும்.

எக்செல்ல இதைப் போட்டுட்டு, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. ஏசி இருக்கறது என் ரூம்ல. அப்பாவும் அம்மாவும் ஹால்ல ஃபேன் காத்துல படுக்கறாங்க. ஏசி ரூம்ல படுங்கன்னா, "எங்களுக்கு எதுக்குப்பா, பில் ஏறும்"னு மழுப்பிடுவார் அப்பா. சுண்ணாம்பு அடிச்ச கோடையில அவர் ராத்திரி எழுந்து வாசல்ல போய் உக்காரலை. அவங்க தூங்கினதுக்கு என் எக்செல் போட்ட மதிப்பு பூஜ்யம்.

சரி, ஹாலுக்கும் ஒரு ஏசி வாங்கினா? மெஷின் 40,000. ராத்திரிக்கு 5 யூனிட்டுன்னு வச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட். அது ஏற்கெனவே இருக்கற 760-க்கு மேல உக்காரும்; ஒரு பில்லுக்கு மட்டும் 3,000 ரூபாய்க்கு மேல கூடும். இதோட ஒப்பிட்டா 22,000 பெயின்ட் மலிவு. அதைத்தான் அடிச்சோம். கையில இருந்த காசுல. இதுக்கெல்லாம் பர்சனல் லோன் எடுக்காதீங்க.

அவசரத்துல ஒரு தப்பும் பண்ணினேன். மாடியில இருந்த விரிசலை அடைக்காம மேலேயே பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டேன். நவம்பர் மழையில ஹால் சீலிங்ல ஈரம், பெயின்ட்டும் அந்த இடத்துல உரிஞ்சுடுச்சு. சரி பண்ண 6,000 தண்டம். முதல்ல ஒழுகலைப் பாருங்க, தண்ணி ஓடற வாட்டத்தைப் பாருங்க, அப்புறம்தான் பெயின்ட்.

வாடகை வீடா? ஓனர்கிட்ட பெயின்ட்டுக்குக் கேட்டுப் பாருங்க. மாட்டேன்னா சுண்ணாம்போட நிறுத்திக்கோங்க.

டைல்ஸ் கொட்டேஷனை நான் இன்னும் தூக்கிப் போடலை. என்னைக்காவது பழைய தட்டோட்டைப் பெயர்த்து, சுருக்கி புதுசா போட வேண்டி வந்தா, எப்படியும் ஏதோ ஒரு ஓடு பதிச்சே ஆகணும். அப்போ சாதா ஓட்டுக்கும் கூலிங் டைல்ஸுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் செலவு. அன்னைக்கு எக்செல்லை மறுபடி திறப்பேன்.