பாக்கி நிற்கிற வரைக்கும்தான் உறவு

ஆடி பிறந்தால் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பும். ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மொய் எழுத வருகிறவர், முன்பு தனக்கு வந்ததைத் திருப்புவதோடு பெரும்பாலும் நிறுத்த மாட்டார்; மேலே புதிதாகவும் கொஞ்சம் வைப்பார். வாங்கியதை மட்டும் காசு பிசகாமல் திருப்பினால், கொடுக்கல் வாங்கல் அத்தோடு முடிந்தது என்றாகிவிடும். கைமாறு என்றதும் நம் மனதில் தராசு முள்தான் வருகிறது. ஆனால் முள் நடுவில் நின்றுவிட்டால் இருவருக்கும் மறுபடி பார்த்துக்கொள்ள வேலையில்லை. உறவை இழுத்துக்கொண்டு போவது தீராத பாக்கி. கொடுப்பது, ஏற்பது, திருப்புவது மூன்றுமே கடமைகள் என்று 1925-இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ். அவருக்குப் பின் வந்த பியர் பூர்தியூ, இடையில் கழியும் காலத்தைச் சுட்டிக்காட்டினார்: வாங்கிய கையோடு திருப்பிக் கொடுப்பது, வாங்க மறுப்பதற்குச் சமம்.

மனிதரை விட்டுத் தள்ளி நின்றும் பார்க்கலாம். இரத்தம் குடிக்கும் வௌவால் மூன்று இரவு போல இரை இல்லாமல் கிடந்தால் செத்துப்போகும். வயிறு நிறைந்து திரும்பிய வௌவால், பட்டினி கிடப்பதன் வாயில் இரத்தத்தைக் கக்கி ஊட்டுவதைக் கோஸ்டாரிகாவில் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார் ஜெரால்ட் வில்கின்சன். சொந்த ரத்தம் என்பதால் ஊட்டுகிறது என்று மடக்கினார்கள். அவரும் ஜெரால்ட் கார்ட்டரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உறவுமுறையைவிட முன்பு யார் ஊட்டினார்கள் என்பதே அதிகம் கணக்கில் வந்தது. கணிதத்திலும் இதே கதை. ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று நிரல்களை மோதவிட்டு ராபர்ட் ஆக்சல்ராட் நடத்திய கணினிப் போட்டிகளில், எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் அனடோல் ராப்போபோர்ட்டின் குட்டி நிரல் இரண்டு முறையும் வென்றது. ஆனால் ஒரு நகர்வைத் தவறாகப் புரிந்துகொண்டால் போதும், பழிக்குப் பழி என்று அது ஓயாமல் சுற்றும். அவ்வப்போது பொறுத்துப்போகும் உத்தி அந்தச் சுழலிலிருந்து மீள்கிறது என்று 1992-இல் ஆய்வாளர்கள் நோவாக்கும் சிக்மண்டும் காட்டினார்கள்.

மொய் என்பது வேறு பெயரில் கடன்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள், திருப்பாதவர் பேர் கெடுகிறது, மொய் செய்யக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வங்கிக் கடனுக்குத் தவணைத் தேதி உண்டு. மொய்க்குத் தேதி, கொடுத்தவர் வீட்டு விசேஷம். அவருக்குத் தேவை வரும்போதுதான் பணம் திரும்புகிறது. இதன் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: திருப்பிச் செய்ய வழியில்லாதவர் பெயர் நோட்டிலேயே ஏறாது. தனியாகக் கிடக்கும் கிழவிக்கு மாதாமாதம் கைகொடுப்பது ரேஷன் அரிசியும் முதியோர் உதவித்தொகையும்தான். அவற்றுக்கு அவள் யாருக்கும் மொய் எழுத வேண்டியதில்லை.