மைதா இல்லை, சர்க்கரை இல்லை... ஆனாலும் பேக்கரி வாசம்! எப்படித் தெரியுமா?

ஒரு சிட்டிகை மைதாகூடச் சேர்க்காத கேக். ஓவனைத் திறந்தால் சுடச்சுட ரொட்டி வாசம் வீடு முழுக்கப் பரவுகிறது. நம்ப முடிகிறதா? காரணம் ஒரு பச்சை இலை! சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதைப் பாண்டான் இலை என்கிறார்கள். இலங்கைத் தமிழர் சமையலறையில் அதுதான் ரம்பை. நம் ஊர்த் தாழம்பூவுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம்.

அந்த இலையில் இருக்கும் மணப்பொருளின் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாசுமதி அரிசிக்கு மணம் தருவதும் இதுதான், பாப்கார்ன் பொரியும்போது மூக்கைத் துளைப்பதும் இதுதான். புதிதாகச் சுட்ட ரொட்டியின் மேல்தோலில் மணப்பதும் சாட்சாத் இதேதான்! ஆயிரம் கோடி பங்கு தண்ணீரில் ஒரே ஒரு பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வாசனை அரிசியில் இருப்பதைவிடப் பாண்டானில் இது பத்து மடங்கு அதிகம் என்று 1980களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். மாவுச்சத்து குறைந்த பலகாரங்களின் பெரிய குறையே, கோதுமை போனதும் ‘சுட்ட வாசம்’ போய்விடுவதுதான். அதைத் திருப்பிக் கொண்டுவர எசன்ஸ் பாட்டில் எதுவும் வேண்டாம், இந்த இலை போதும்.

அதன் சாற்றை எடுப்பதே ஒரு கலை. பதினைந்து இருபது இலைகளை விரற்கடை அளவுக்கு நறுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, துணியில் பிழிந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் அசையாமல் வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் மேலே வெளிறிய தண்ணீர் தெளிந்து நிற்கும், அடியில் கரும்பச்சையாக ஒரு விழுது படிந்திருக்கும். தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு அந்த விழுதை மட்டும் தேங்காய்ப்பாலில் கலந்தால், நிறமும் மணமும் சேர்ந்து கிடைக்கும். கடைகளில் விற்கும் பளீர்ப் பச்சை எசன்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அசல் இலையின் அடங்கிய பச்சை முதலில் சப்பென்று தோன்றலாம். ஒரு வாய் சாப்பிட்டதும் பேச்சு மாறிவிடும்.

பாண்டான் ஷிஃபான் கேக்கின் பூர்வீகம் தெரியுமா? கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிப் பஞ்சுபோல் ஆக்கும் இந்த வித்தையை 1927 வாக்கில் கண்டுபிடித்தவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர்! இருபது ஆண்டுகள் ரகசியத்தை யாருக்கும் சொல்லாமல் காத்து, 1947இல்தான் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அந்தக் கேக் கடல் கடந்து தேங்காய்ப்பாலோடும் பாண்டானோடும் சேர்ந்து, சிங்கப்பூர், மலேசியாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு போட்டுச் செய்தால் உயரம் கொஞ்சம் குறையும்; மைதாவின் பிடிப்பு அதில் இல்லை. ஆனால் 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து 75 கிராமுக்கு மேல், அதே அளவு பாதாம் மாவிலோ சுமார் 20 கிராம், அதிலும் பாதி நார்ச்சத்து! அரை அங்குல உயரத்தை விட்டுக்கொடுக்கலாம்தானே?

தேங்காய் மாவின் கதை இன்னும் வியப்பு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் காயவைத்து அரைத்தால் அதுதான் தேங்காய் மாவு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார்ச்சத்து. இது தண்ணீரைக் குடிக்கும் வேகம் அசாத்தியம்! மைதாவுக்குச் சமமாக அளந்து போட்டால் கேக் மணலாக உதிரும். கால் பங்கு போட்டு, முட்டையைக் கூட்டி, கலவையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு ஓவனில் வைக்க வேண்டும். பாலும் அதே காயிலிருந்து, மாவும் அதே காயிலிருந்து!

சரி, இனிப்புக்கு? இங்கேதான் பெரிய ஆச்சரியம். சிங்கப்பூர்ச் சீன மருந்துக் கடைகளில் பழுப்பு நிறத்தில் காய்ந்த உருண்டைக் காய் ஒன்று விற்கும். பெயர் லோ ஹான் குவோ. தென்சீனத்தின் குய்லின் மலைப்பகுதிதான் அதன் தாய்வீடு. அதன் இனிப்புப் பொருளான மோக்ரோசைடு சர்க்கரையைவிட 200 மடங்குக்கும் மேல் இனிக்கும். அது யாருடைய உறவு தெரியுமா? பாகற்காயின் உறவு! 1941இல் தாவரவியலாளர்கள் அதைப் பாகற்காயின் பேரினத்திலேயேதான் முதலில் சேர்த்தார்கள். ஆனால் ‘மங்க் ஃபுரூட்’ என்ற ஆங்கிலப் பெயரில் இதைக் கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். பெரும்பாலும் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்புதான் நிறைந்திருக்கும், பழத்தின் சாறு துளியளவே.

எரித்ரிட்டால் ஓவனில் சிவக்காது. ஆறியதும் படிகமாகி நறநறக்கும். நாக்கில் ஜில்லென்று ஒரு உணர்வையும் விட்டுச்செல்லும். அது ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் கணக்கில்லாமல் அள்ளிப் போடும் பொருள் அல்ல இது. தென்கிழக்காசியச் சுவைக்கு என் ஓட்டு அல்யுலோஸுக்கு. அத்தியிலும் உலர்திராட்சையிலும் இயற்கையாகவே துளி இருக்கும் அரிய சர்க்கரை இது. சர்க்கரையின் இனிப்பில் 70 சதவீதம், கிராமுக்கு 0.4 கலோரிதான். முக்கியமாக, இது சிவக்கும்! தேங்காய்ப்பாலும் ஒரு கல் உப்பும் சேர்த்துக் காய்ச்சினால், பனங்கருப்பட்டியின் அண்ணன் தம்பியான கூலா மலாக்காவின் கருகல் இனிப்பை எட்டிப் பிடிக்கும். சட்டென்று சிவந்துவிடும் என்பதால் ஓவனின் சூட்டை மட்டும் சற்றுத் தணியுங்கள்.

பாதாம் மாவில் சுட்ட டார்ட் ஓட்டுக்குள் பாண்டான் தேங்காய்ப்பால் ஊற்றி உறையவைக்க என்ன போடுவது? அகர் அகர்! நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சுகிறார்களே, அதேதான். பெரும்பாலும் நார்ச்சத்து. 40 டிகிரிக்குக் கீழே உறையும், ஆனால் 85 டிகிரி வரை உருகாது. இந்தக் குணம்தான் மருத்துவத்தையே புரட்டிப்போட்டது! 1881இல் ஜெர்மனியில் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் கோடை வெயிலில் உருகி ஓட, விஞ்ஞானி வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, “அகர் போட்டுப் பாருங்கள்” என்று வழி சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு பக்கத்து வீட்டாரிடம் அவர் கற்ற ஜெல்லி வித்தை அது. ஹெஸ்ஸே வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரு ஜாவா இனிப்பின் பொருள் இன்று உலகத்தின் ஒவ்வொரு கிருமி ஆய்வகத்திலும் இருக்கிறது!

இதையெல்லாம் மிஞ்சுகிற ஒன்று இந்தோனேசியாவின் லாப்பிஸ் லெகித். டச்சுக்காரர் காலத்தில் பிறந்த அடுக்குக் கேக். ஒரு கேக்குக்கு இருபது, முப்பது மஞ்சள் கருக்கள், அரைக் கிலோ வெண்ணெய், மாவோ நூறு கிராம் சொச்சம்! பிறவியிலேயே மாவு குறைந்த கேக் இது; பாதாம் மாவையும் அல்யுலோஸையும் மாற்றிப் போட்டால் குணம் அதிகம் கெடாது. ஒரு கரண்டி மாவுக் கலவையை ஊற்றி, ஓவனின் மேல்சூட்டில் மட்டும் சிவக்கவிட்டு, அதன்மேல் அடுத்த கரண்டி... இப்படிப் பதினெட்டு அடுக்குக்குக் குறையாமல் போகும். அடுப்பை விட்டு நகர முடியாது. பட்டை, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் சேரும். அந்த ஜாதிக்காய் ஒரு காலத்தில் உலகிலேயே இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. அதற்காகவே 1667இல் ரன் என்ற குட்டித் தீவின் உரிமை டச்சுக்காரர்களுக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களுக்கும் என்று முடிவானது!

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கடைசியாக, நீல நிறம். சிங்கப்பூர், மலேசியாவின் நியோன்யா பலகாரங்களில் வரும் அந்த நீலம் நம் வேலியோரச் சங்குப்பூவேதான்! எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், சோடா மாவு பட்டால் பச்சைப் பக்கம் சாயும். ஆகவே நீல கேக் வேண்டுமானால் சோடா மாவைத் தொடாதீர்கள். முட்டை வெள்ளையை நன்றாக அடித்து, அந்த நுரையை நம்பியே கேக்கை எழுப்புங்கள்.