கலாசார நிகழ்ச்சிக்குப் போய் என்ன கற்றுக்கொள்ளலாம்? பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் உங்கள் மின்னஞ்சல் பெட்டி நிரம்பத் தொடங்கும். மூன்கேக் விழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி, ஹரி ராயா ஒன்றுகூடல்... போனோமா, சாப்பிட்டோமா, ஃபோட்டோ எடுத்தோமா என்று பலரும் அதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

அதில் தப்பில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வளாகத்தைவிட்டு வெளியே வாங்க.

தீமிதியை எடுத்துக்கொள்வோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில். ஆண்டுதோறும் தீபாவளியையொட்டி அங்கே தீமிதி நடக்கும். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாக வருவார்கள். பெரும்பாலோர் பார்ப்பது அந்த ஓர் இரவை மட்டும்தான்.

ஆனால் கதை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். திரௌபதை திருமணம், அரவான் களப்பலி, படுகளம் என்று மகாபாரதம் சடங்குகளாக அரங்கேறும். மாரியம்மன் கோயிலில் திரௌபதைக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களின் திரௌபதை அம்மன் வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லும்.

இன்னொன்றும் தெரியவரும். வடமொழி பாரதத்தில் அரவான் போர்க்களத்தில் சண்டையிட்டு மடிகிறான். போருக்கு முன்னால் தன்னையே பலிகொடுக்கும் அரவான், தமிழ் மரபுக்கு உரியவன். வடமொழிக் கதைக்கும் தமிழ் மரபுக் கதைக்கும் உள்ள வேறுபாடு இப்படி நேரில் பார்த்தால் மனத்தில் நிற்கும்.

நம்முடைய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமா போகவேண்டும்?

இல்லவே இல்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் குடியிருப்புப் பேட்டைகளில் கெத்தாய் மேடை போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை ஆவிகளுக்கு. தெரியாமல் உட்கார்ந்துவிடாதீர்கள்!

அங்கே ஹொக்கியன், தியோச்சியூ பாடல்களைக் கேட்கலாம். சிங்கப்பூரில் 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 2010இல் வீட்டில் பெரும்பாலும் சீனக் கிளைமொழி பேசியோர் 14.3 விழுக்காடு. 2020இல் அது 8.7 விழுக்காடு. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்கள்தான் கெத்தாயில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடும் தாத்தா பாட்டிகள். பேரப்பிள்ளைகள் அருகில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதே 2020 கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசியோர் 2.5 விழுக்காடுதான். ஆகவே கெத்தாயில் நீங்கள் பார்ப்பது அடுத்த வீட்டுக் கதை மட்டும் அல்ல.

சரி, எப்படிப் போவது?

நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள். விளக்கு கட்டுபவர், பூத்தொடுப்பவர், வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பவர் எல்லாரும் அப்போதுதான் பேசக் கிடைப்பார்கள். "இது ஏன் இப்படி?" என்ற ஒரே கேள்வி போதும். வழிபாட்டில் இருப்பவரைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். கேட்டதை அன்றிரவே நாலு வரி எழுதி வையுங்கள். மறுநாள் பாதி மறந்துபோகும்.

செலவா? கோயில் விழாவுக்கும் கெத்தாய்க்கும் பொதுவாகக் கட்டணம் கிடையாது. தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குச் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாகச் செல்லலாம். 2025இல் 18 வயதை எட்டிய, அதற்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களிடம் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் வழி 100 வெள்ளி இருக்கிறது. தகுதிபெறும் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு அதை 2028 டிசம்பர் 31 வரை பயன்படுத்தலாம்.

ஒருமுறை பார்வையாளராகப் போனால், அடுத்தமுறை தொண்டூழியராகப் போய்ப் பாருங்கள். அன்னதானத்தில் பரிமாறும்போது காதில் விழும் கதைகள் எந்த விரிவுரை அரங்கிலும் கிடைக்காது.