பதிவை எழுதியது யார்?

வங்கிகளின் மெயின்பிரேம் கணினி தான் செய்யும் வேலைகளைக் குறித்து வைக்கிறது. ஐ.பி.எம். கணினிகளின் இசட்/ஓ.எஸ். இயங்குதளத்தில் அந்தக் குறிப்பேடு எஸ்.எம்.எஃப். எனப்படும். அதில் அடையாளம் தெரியாத பதிவுகள் குவிந்தால் என்ன செய்வது? நம் அரங்கில் எழுந்த கேள்வி இது.

முதலில் பதிவின் வகை எண்ணைப் பாருங்கள். 0 முதல் 127 வரை ஐ.பி.எம்.முக்கு உரியவை. 128 முதல் 255 வரை பயனாளருக்கும் பிற மென்பொருள்களுக்கும் விடப்பட்டவை. அந்த எண்ணைப் பெரும்பாலும் மென்பொருளைப் பொருத்தியவரே தேர்ந்தெடுத்திருப்பார். ஆகவே, மென்பொருள் அமைப்புகளில் அதைத் தேடுங்கள்.

பதிவின் தலைப்பகுதியில் தேதியும் நேரமும் இருக்கும். அந்நேரம் ஓடிய வேலைகளோடு ஒப்பிடுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால், ஐ.இ.எஃப்.யு.83 போன்ற இடைமறிப்பு நிரல் வைத்து, எழுதும் வேலையின் பெயரை அறியலாம்.

இடத்தை அடைக்கிறதே என்று விசாரிக்காமல் நிறுத்திவிடாதீர்கள். நாளைய தணிக்கையில் அதுவே சாட்சியாக நிற்கலாம்.