ரசாயனம் தொடாத 2018

போர்டோ கலவை நமக்குத் தெரியும்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்சின் போர்டோ பகுதியில், திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காகப் பிறந்தது அது. அங்கே போயாக் ஊரில் போந்தே-கானே என்ற தோட்டம். 2004-ல் உயிராற்றல் வேளாண்மையைத் தொடங்கியது. 2007-ல் இந்த நோய் மிரட்டியதும் பயந்துபோய் ரசாயனம் அடித்துவிட்டார்கள். பிறகு வருந்தி மறுபடி இயற்கைக்கே திரும்பினார்கள். (பாகல் பந்தலில் அடிச்சாம்பல் வந்தப்போ என் காலும் மருந்துக்கடைப் பக்கம்தான் போச்சு.)

2018-ல் ஓயாத மழை, அதே நோய். இந்த முறை ரசாயனத்தைத் தொடவில்லை. சுமார் மூன்றில் இரண்டு பங்கு மகசூல் போச்சு. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் சிவப்பு ஒயின்தான் தேறியது. அந்தக் கணக்கோடு யாராவது கடன் கேட்டு வந்திருந்தால், வங்கி நாற்காலியில் இருந்த நானே திருப்பி அனுப்பியிருப்பேன்! ஆனால் கோடை வெயிலில் மிஞ்சிய குலைகள் நன்றாகப் பழுத்தன. விமர்சகர்கள் அந்த ஒயினைக் கொண்டாடினார்கள். பேர்பெற்ற தோட்டம், விலை கிடைக்கும், தாங்கிக்கொண்டது. ரெண்டு ஏக்கர்காரருக்கு அந்த ஒரு வருஷத்தை யார் தாங்குவது?