எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறதா? மாத்திரையை நிறுத்தும் முன் படியுங்கள்

மைசூரு கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள காசநோய் மருத்துவமனை, மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மணியின் பெயரில் இயங்குகிறது. அரண்மனையில் பிறந்தவரையும் காசநோய் விட்டுவைக்கவில்லை. அன்று அதற்கு மருந்தே கிடையாது. இன்று ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று மருந்துகளும் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை. அந்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, பார்க்காமலே இருப்பதும் ஆபத்து.

எண்கள் சொல்வது என்ன?

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருப்பதால் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் கூடும். இன்னொரு நொதியான ஏ.எல்.பி. எலும்பிலிருந்தும் வரும், வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடுதலாக இருப்பது இயல்பு. கல்லீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதைச் சொல்பவை பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவைதான். கல்லீரல் சுருங்கிப்போனவருக்கும் நொதிகள் சரியாகவே இருக்கலாம் என்பதால் ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. தடித்த எழுத்தில் 92 என்று இருக்கிறது, லேப் குறித்த உச்ச அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். அது 2.3 மடங்கு. வாந்தி, பசியின்மை, மஞ்சள் கண் எதுவும் இல்லையென்றால், மருத்துவர்கள் பொதுவாக மருந்தைத் தொடரச் சொல்லி மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள். அறிகுறிகளோடு 3 மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே 5 மடங்கைத் தாண்டினாலோ, கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளை நிறுத்துவார்கள். அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். நாமாகப் பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்து சேரலாம். அதே சமயம் சிறுநீர் கருமஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மறைக்கக் கூடாதவை

மது, பாரசிட்டமால், நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் குடித்தார்கள். கன்னடத்தில் அது அமிர்தபள்ளி. அதைக் குடித்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி, 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த இந்திய மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். சீந்திலுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எப்படியிருந்தாலும், காசநோய் மாத்திரையோடு மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

உங்கள் உரிமை

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. டெஸ்டை எந்த லேபில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். நோயாளிகள் உரிமைச் சாசனம் அதை ஒப்புக்கொள்கிறது. கர்நாடகத்தில் தனியார் மருத்துவமனையும் லேபும் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், கட்டணத்தைப் பார்வையில் வைக்க வேண்டும். அரசு மையங்களில் காசநோய் மருந்து இலவசம். காசநோயாளிகளுக்கான நிக்ஷய் உதவி எண் 1800-11-6666.

தீர்வு எங்கே?

தனியார் இடத்தில் குறை என்றால் முதலில் அங்கேயே எழுதிக் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத் துணை ஆணையர் தலைமையிலான பதிவு மற்றும் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். வழிகாட்ட 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எந்த இடத்துக்குப் போனாலும் ரசீதும் ரிப்போர்ட்டும்தான் உங்கள் சாட்சி. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த முதல் ரிப்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மருந்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவெடுக்கவும் அந்தக் கோப்புதான் உதவும்.